மெதுவா போ மச்சான்... தூஸ்மான்!

முதல்ல ஒரு கேள்வி. ஈ.சி.ஆர். ரோட்டில் இதுவரை எத்தனை தடவை வண்டி ஓட்டியிருப்பீங்க? பத்து? இருபது? நான் குத்துமதிப்பா நாற்பது தடவை ஓட்டியிருக்கேன். காலேஜ் மூணாவது வருஷம் வரைக்கும் சனிக்கிழமை விடிஞ்சா போதும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், அங்கிருந்து மாமல்லபுரம், அப்புறம் கடற்கரைச் சாலை. ஒரே மூச்சு! யார் எத்தனை நிமிஷத்துல போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் அந்த வாரம் முழுக்க கேன்டீனில் பேச்சு.

சரி, நாற்பது தடவை போனியே, வழியில என்னடா பார்த்தேன்னு கேட்டா... ஸ்பீடாமீட்டர் பார்த்தேன். அவ்வளவுதான்!

நாற்பத்தோராவது தடவை போன கதையைத்தான் இப்ப சொல்லப் போறேன். அது ஒரு பிரான்ஸ் பயணம். சிரிக்காதீங்க... கடைசி வரைக்கும் படிங்க, புரியும்.

ஒரு நோட்டு, நாலு ரூல்ஸ்

எனக்கு ஒரு நண்பன். பேர் வேண்டாமே... நாங்க கூப்பிடுற மாதிரி 'மாப்ள'ன்னே வெச்சுக்குவோம். எல்லாரும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஆப்டிட்யூட் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இவன் மட்டும் சாயங்காலம் ரயில் பிடித்துப் போய் பிரெஞ்சு படித்தான். மேல்படிப்புக்கு பிரான்ஸ் போகணும். போய், முதல் லீவிலேயே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுத்தணும். இதுதான் அவன் கனவு. ஈஃபிள் டவர் எல்லாம் அவன் லிஸ்ட்டிலேயே இல்லை!

ஒரு கோடு போட்ட நோட்டில் ரூட்டே வரைந்து வைத்திருந்தான். லுவார் ஆற்றங்கரை, பர்கண்டி திராட்சைத் தோட்டம், தெற்கே புரொவான்ஸ். பிரான்ஸில் 'ஏ' என்று ஆரம்பிக்கும் நம்பர் என்றால் அதிவேகச் சாலை. 'டி' என்றால் ஊர் வழியாகப் போகிற மாவட்டச் சாலை. "மச்சான், 'ஏ'ல போனா ஊர் போய்ச் சேருவ. 'டி'ல போனாத்தான் ஊரைப் பார்ப்ப" என்பான். அந்த மாதிரி இருவழிச் சாலைகளில் வேக வரம்பை 2018 ஜூலையில் 90-லிருந்து 80 கிலோமீட்டராகக் குறைத்தது அந்த நாட்டு அரசு. மக்கள் கொதித்தார்கள். அப்புறம் பல மாவட்டங்களில் திரும்பவும் 90 ஆக்கிக்கொண்டார்கள். அதையெல்லாம்கூட அந்த நோட்டில் குறித்து வைத்திருந்தான்!

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு ரூல்ஸ்:

1. பெரிய ரோடு முடிந்தவரை வேண்டாம்.
2. கண்ணில் பட்டால் நிற்கணும்.
3. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.
4. இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடணும்.

அந்த பிரான்ஸ் பயணம் நடக்கவில்லை. காரணம், நான்.

நுங்குக் குலை

சித்திரை மாசத்துச் சனிக்கிழமை. காலை ஆறரை மணி. மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் திரும்புற வழிக்குக் கொஞ்சம் முன்னாடி. வண்டி என் கையில். மாப்ள பின்னாடி. முள் 110-ல் நின்றது. இடது பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், சைக்கிள் கேரியரில் நுங்குக் குலையைக் கட்டிக்கொண்டு, உருட்டியபடி ரோட்டைக் கடக்கிறார்...

நான் பிரேக்கை மிதித்தேன். மிச்சத்தை விவரமாகச் சொல்லப் போவதில்லை. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மாப்ளைக்கு வலது தொடை எலும்பு ரெண்டாக முறிந்தது. ரெண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பெரியவர்தான் தன் துண்டை அவிழ்த்து அவன் காலைக் கட்டினார். 108 வரும்வரை தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மூணு ஆபரேஷன். தொடைக்குள் ஒரு கம்பி. ஒரு வருஷப் படிப்பு போச்சு. பிரான்ஸுக்கென்று அவங்க அப்பா சேர்த்த பணமும் போச்சு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தேன், நோட்ஸ் எழுதிக் கொடுத்தேன், கிரிக்கெட் பேசினேன். ஒன்று மட்டும் பேசவில்லை. 'என்னாலதான்டா' என்கிற ஒரே ஒரு வார்த்தை. அது தொண்டையிலேயே ஒண்ணேமுக்கால் வருஷம் நின்றது.

போன தை மாசம், பொங்கல் முடிந்த வாரம், அவனே போன் பண்ணினான். "மச்சான், டாக்டர் ஓகே சொல்லிட்டாரு. வண்டியில உட்காரலாமாம். பிரான்ஸ் போலாமா?"

"டேய்... என்னடா சொல்ற?"

"நோட்டு இருக்கு. ரூல்ஸ் இருக்கு. ரோடு மட்டும் நம்ம ரோடு. உன் தங்கச்சி ஸ்கூட்டியை எடுத்துட்டு வா. ஸ்பீடு நாற்பது. அதுக்கு மேல போச்சுன்னா நான் இறங்கிப்பேன்!"

ஒரு நாள் முழுக்க... முப்பது கிலோமீட்டர்!

கொளவாய் ஏரிக்கரையில் கிளம்பினோம். ரயிலில் போகும்போது ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பீங்களே, அதே ஏரி. "முதல் ஸ்டாப்" என்றான் மாப்ள. "எங்கடா?" "இங்கதான். நம்ம ஊர்லயே பிரான்ஸ் ஆரம்பிக்குது!"

விஷயம் இதுதான். செங்கல்பட்டுக் கோட்டை விஜயநகரக் காலத்தில் கட்டியது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம், ஆங்கிலேயர்கள் இன்னொரு பக்கம். 1752-ல் இந்தக் கோட்டையை பிரெஞ்சுப் படையிடமிருந்து பிடித்தவர் ராபர்ட் கிளைவ். இப்போது மிச்சம் ரொம்ப இல்லை. கோட்டை இருந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, கோட்டை என்றால் பஸ்ஸில் ஏறும்போது காதில் விழும் ஒரு இடத்தின் பேர்!

அடுத்தது வல்லம். திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஊரைத் தாண்டியதுமே வருகிற சின்னக் குன்று. நாற்பது தடவை இதன் பக்கத்தில்தான் பறந்திருக்கிறேன். மேலே மூன்று குடைவரைகள்! மகேந்திரவர்ம பல்லவனுக்குக் கீழ் இருந்த கந்தசேனன் என்பவன் ஏழாம் நூற்றாண்டில் வெட்டுவித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எழும்புவதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடி. நாங்கள் போனபோது அங்கே நாங்கள் ரெண்டு பேர், ஒரு ஆடு. அவ்வளவு கூட்டம்!

அதற்கப்புறம் ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். சாதாரணமாக எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஹாரனைப் பிடித்து அமுக்குவேன். நாற்பதில் போகும்போது நெல்லின் வாசனை வருகிறது, நண்பர்களே! காலால் துழாவிக்கொண்டிருந்த அம்மா, "பார்த்துப் போங்க தம்பி" என்று சொன்னது காதில் விழுந்தது. நாற்பது தடவையும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

திருக்கழுக்குன்றத்தில்தான் சிக்கல். மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேல் படிகள். ரெண்டு கழுகுகள் தினமும் மதியம் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. 'பட்சி தீர்த்தம்' என்ற பேரே அதனால்தான். 1990-களுக்குப் பிறகு அந்தக் கழுகுகள் வருவதில்லை. எங்கள் சிக்கல் கழுகு அல்ல, கால்.

"ஏறலாம்" என்றான்.

"வேணாம்டா."

"முழுசா இல்ல. ஒருகல் மண்டபம் வரைக்கும்."

அது மலையில் இறங்குகிற வழியில், பாதியில் இருக்கும் பல்லவர் குடைவரை. ஒரே கல்லைக் குடைந்தது, அதனால் ஒருகல் மண்டபம். இறங்குகிற வழியிலேயே ஏறினோம். பத்துப் படி, ஒரு ரெஸ்ட். பத்துப் படி, ஒரு ரெஸ்ட். எழுபது வயசுப் பாட்டி ஒருத்தங்க மேலேயிருந்து இறங்கி வந்தவங்க, எங்களைப் பார்த்து, "வயசுப் பிள்ளைங்க, இப்படி மூச்சு வாங்குதே!" என்று சொல்லிக்கொண்டே போனாங்க. மாப்ள சிரித்த சிரிப்பில் அஞ்சு நிமிஷம் எக்ஸ்ட்ரா ரெஸ்ட்!

மண்டபத்தில் ஒரு வேடிக்கை. தூணில் சில பேர்கள் செதுக்கியிருக்கின்றன. நம்ம ஆளுங்க இதயம் போட்டு அம்பு விட்டிருப்பாங்கன்னு நினைச்சீங்களா? இது 1600-களில் வந்த டச்சுக்காரர்கள் வேலை! அந்தக் காலத்தில் அவர்கள் வியாபாரக் கோட்டை பக்கத்தில்தான், சதுரங்கப்பட்டினத்தில். அங்கிருந்து பொழுதுபோக்காக மலை பார்க்க வந்தவர்களாக இருக்கலாம். "பாரு மச்சான், முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே வீக் எண்ட் ட்ரிப் அடிச்சிருக்கானுங்க. சுவத்துல பேரு எழுதற புத்தியும் அப்பவே இருந்திருக்கு!"

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். ரொம்ப இறுக்கமாக. வலி என்று தெரிந்தது. அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாடு ரூல் நம்பர் மூன்றின்படி ஒன்றரை மணி நேரம். மெஸ்காரர் ரெண்டாவது தடவை ரசம் ஊற்றும்போது, "வேற எங்கயும் போகலியா தம்பி?" என்று கேட்டே விட்டார்!

மாமல்லபுரம் போய்ச் சேரும்போது மணி நாலரை. ஒரு நாள் முழுக்கப் போய் முப்பது கிலோமீட்டர்தான். பழைய நான் இதை முப்பது நிமிஷத்தில் முடித்திருப்பேன்.

தவம் செய்யும் பூனை

மாமல்லபுரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த ஊர். ஆனா ஒரு டெஸ்ட் வைக்கிறேன். அர்ச்சுனன் தபசு பாறையில் பூனை எங்கே இருக்கு, சொல்லுங்க?

நான் அந்தப் பாறைக்கு முன்னால் நின்று எத்தனையோ போட்டோ எடுத்திருக்கிறேன். பாறைக்கு முதுகைக் காட்டித்தான்! அன்றைக்கு மாப்ளைக்குக் கால் வலி. எதிர்ச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் பூனை தெரிந்தது. பெரிய யானைக்குப் பக்கத்தில், முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்யும் முனிவரை அப்படியே காப்பி அடித்துக்கொண்டு ஒரு போலிச் சாமியார்ப் பூனை! அதைச் சுத்தி எலிகள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு சிற்பி அடித்த ஜோக், நான் சிரிப்பதற்காக அங்கேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பக்கத்து கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார். மாடு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லை. மாட்டுக்கும் இல்லை, கறப்பவருக்கும் இல்லை, செதுக்கியவருக்கும் இருந்திருக்காது. தெருவுக்குள் நடந்தால் இன்றைக்கும் உளிச் சத்தம் கேட்கிறது. 1957-லிருந்து இங்கே சிற்பக் கல்லூரி நடக்கிறது. ஒரு பட்டறையில் எங்கள் வயசுப் பையன் ஒருத்தன் பிள்ளையாரின் ஒரு விரல் நகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தான். "எத்தனை நாளாச்சு ப்ரோ?" என்றேன். "நகமா, பிள்ளையாரா?" என்று திருப்பிக் கேட்டான்!

எழுரை அல்ல, ஏழரை

ரெண்டாவது நாள் காலை. அந்த இடம் வரப்போகிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியும். பேச்சு நின்றுவிட்டது. ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஓரத்து மரங்கள் பல காணவில்லை. எனக்கு இடம் சரியாகப் பிடிபடவில்லை. மாப்ளதான் தோளைத் தட்டினான். "இங்கதான்."

எதிரே ஒரு டீக்கடை. நுங்குப் பெரியவரைப் பற்றிக் கேட்டோம். துண்டைத் திருப்பிக் கொடுக்கணும் என்று மாப்ள ஒரு புதுத் துண்டு வாங்கி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். கடைக்காரருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "எந்த ஆக்சிடென்ட் தம்பி? மாசத்துக்கு ரெண்டு மூணு பேர் விழுவாங்க. எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?" என்றார்.

எங்களுக்கு வாழ்க்கையே மாறிய நாள். அவருக்கு அது மாசத்துக்கு ரெண்டு மூணில் ஒன்று.

இங்கே கொஞ்சம் ஃபிசிக்ஸ். போரடிக்காது, ப்ளீஸ்! 110 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு செகண்டுக்கு 30 மீட்டர். எதிரில் ஒருவர் வருவதைப் பார்த்து, மூளை யோசித்து, கால் பிரேக்கில் பதிவதற்கு ஒரு செகண்ட் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே 30 மீட்டர் போயாச்சு! நாற்பதில் போனால் அதே ஒரு செகண்டில் 11 மீட்டர். அடுத்து, பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஆகிற தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 110 என்பது 40-ஐப் போல ரெண்டே முக்கால் மடங்குதான். ஆனால் நிற்க ஆகிற தூரம் ஏழரை மடங்கு. ஏழரை! சும்மாவா அந்த நம்பரைப் பார்த்து ஊரே பயப்படுது?

இந்தக் கணக்கை ப்ளஸ் டூவில் நான் போட்டு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அதுதான் கொடுமை.

டீ வந்தது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "மாப்ள... அன்னிக்கு என்னாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா. டீயைக் குடி, ஆறிடும்."

ஒண்ணேமுக்கால் வருஷமாக நின்ற வார்த்தை. அதை முழுசாகக்கூட சொல்லவிடவில்லை அவன். புதுத் துண்டை டீக்கடையிலேயே கொடுத்தோம். "யாராவது விழுந்தா கட்டுறதுக்கு" என்றான். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் வாங்கி ஆணியில் மாட்டினார்.

நம்ம ஊரு பிரான்ஸ்

சதுரங்கப்பட்டினம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். செங்கல் சுவர்களோடு டச்சுக் கோட்டை, உள்ளே வேலைப்பாடுள்ள கல்லறைகள், அந்தப் பக்கம் கடல். 1754 ஜனவரியில் சண்டையை நிறுத்தலாமா என்று பேச பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கூடிய ஊர் இது. ரெண்டு பேருக்கும் பொது இடம், டச்சுக்காரன் ஊர்! பேச்சு முறிந்தது. அந்த வருஷமே புதுச்சேரி கவர்னர் டூப்ளேயை பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. கனவோடு வந்தவர் பாதியில் திரும்பினார். மாப்ள அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "அவரு இங்கேருந்து அங்க போக வேண்டியதாச்சு. நான் அங்க போக முடியாம இங்க வந்திருக்கேன். கணக்கு சரியாப் போச்சு!" என்றான்.

ஈ.சி.ஆரில் இன்னும் தெற்கே போனால் பாலாற்றுப் பாலம். கர்நாடகத்து நந்தி மலையில் கிளம்பி, 348 கிலோமீட்டர் ஓடி, இங்கே கடலில் சேருகிற ஆறு. ஓடி என்பது பேச்சுக்குத்தான். பாதி நாள் மணல்தான் ஓடும். கூவத்தூர் தாண்டி, முதலியார்குப்பத்தில் உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு பனங்கிழங்கு தின்றோம். பதினொரு மணிக்குக் கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால்... ஆலம்பரைக் கோட்டை!

இதுதான் மாப்ளையின் பாரிஸ். முகலாயர் காலத்துக் கோட்டை. 1750-ல் டூப்ளே செய்த உதவிக்குப் பரிசாக முசாபர் ஜங் இதை பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். பத்தே வருஷம். 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். ஒரு காலத்தில் படகுத்துறை, நாணயச் சாலை என்று ஜேஜேன்னு இருந்த ஊர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் இந்தப் பேர் வரும். இன்றைக்குப் பாதி சுவர், முள்செடி, எதிரே உப்பங்கழி, அதற்கப்புறம் ஒரு மணல் திட்டு, அதற்கப்புறம் கடல். வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருத்தரைப் பார்த்து மாப்ள சத்தமாக "போன்ஜூர்!" என்றான். அவர் கையை ஆட்டி, "வாங்க வாங்க! படகு வேணுமா?" என்றார்.

சுவர் நிழலில் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இந்தப் பகுதிக்குப் பேர் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை எழுதிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர்! ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு வாங்கிவிட்டு வருகிற கலைஞன், எதிரே வருகிற கலைஞனுக்கு வழி சொல்வது. இந்த ஊரில் இப்படிப் போ, இங்கே இது கிடைக்கும், இன்னார் இப்படி உபசரிப்பார்கள், அடுத்து இந்த ஊர் வரும்... அப்படியே மாப்ளையின் நோட்டு! ஸ்கூலில் ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தது, ஒரு ரோடு ட்ரிப் கைடு என்று அப்போதுதான் உறைத்தது. நடந்து போகிறவனுக்கு எழுதிய பாட்டு. நடக்கிற வேகத்தில் போனவனால்தான் அதை எழுதவும் முடியும்.

பின் சீட்டு

கடப்பாக்கத்தில் மீன் குழம்புச் சாப்பாடு. ஒன்றரை மணி நேரம், ரூல்! திரும்பும்போது வந்த வழி வேண்டாம் என்று செய்யூர், மதுராந்தகம் வழியைப் பிடித்தோம். நம்ம ஊரு 'டி' ரோடு. ரெண்டு பக்கமும் வயல், ஏரிக்கரை, பனைமரம். எதிரே ஒரு வண்டியில்லை.

"நிறுத்து" என்றான் மாப்ள. "நான் ஓட்டுறேன்."

டாக்டர் ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். எனக்குத்தான் மறுக்க வாயும் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை. பின்னாடி ஏறினேன். இத்தனை வருஷத்தில் அவனுக்குப் பின்னால் நான் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

பின் சீட்டு வேற உலகம், நண்பர்களே. முன்னாடி என்ன வருகிறது என்று பாதிதான் தெரியும். பிரேக் உங்கள் கையில் இல்லை. திரும்பப் போகிறோமா என்று உடம்பு சாய்ந்த பிறகுதான் தெரியும். முள் முப்பத்தைந்துதான் காட்டியது. ஆனாலும் என் ரெண்டு கையும் சீட்டுக் கம்பியை இறுக்கிக்கொண்டன.

அவன் திரும்பாமலே கேட்டான். "பயமா இருக்கா?"

"...இருக்கு."

"எனக்கும் அன்னிக்கு இருந்துச்சு மச்சான். எண்பதைத் தாண்டும்போதே இருந்துச்சு. சொன்னா பயந்தாங்கொள்ளின்னு கேன்டீன்ல ஓட்டுவீங்க. அதான் சொல்லல."

நான் பேசவில்லை.

"உன்னாலதான்னு நீ ஆரம்பிச்சல்ல... பாதி நீ. பாதி, வாயைத் திறக்காத நான். 'தூஸ்மான்'னு ஒரு வார்த்தை. முதல் மாசமே கத்துக்கொடுத்துட்டாங்க. மெதுவா, பதமான்னு அர்த்தம். பிரெஞ்சுல தெரிஞ்சதை உன்கிட்ட தமிழ்ல சொல்லத் தெரியல பாரு."

பாதி அவன் மேல் போட்டுக்கொண்டது அவன் பெருந்தன்மை. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும். வண்டி ஓட்டியவன் நான். ஆனால் அவன் சொன்ன இன்னொரு விஷயம் மட்டும் உண்மை. அன்றைக்கு அவன் வாயைத் திறக்க முடியாதபடி பண்ணி வைத்திருந்தது எங்கள் கேன்டீன் பேச்சு. யார் எத்தனை நிமிஷத்துல வந்தாங்கன்னு கேட்டோமே தவிர, பின்னாடி உட்கார்ந்து வந்தவன்கிட்ட 'எப்படிடா இருந்துச்சு?'ன்னு ஒருத்தரும் ஒரு தடவைகூட கேட்டதில்லை.

மதுராந்தகம் ஏரிக்கரையில் நானே திரும்ப வண்டியை வாங்கிக்கொண்டேன். மாமண்டூர் பாலத்தில் அதே பாலாற்றை மறுபடி தாண்டி, இருட்டுவதற்குள் செங்கல்பட்டு. ரூல் நம்பர் நாலு. ரெண்டு நாளில் மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய்க்கு பெட்ரோல்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மாப்ள நோட்டை எடுத்து, நாலாவது ரூலுக்குக் கீழே அஞ்சாவதாக ஒன்று எழுதினான்: 'பின்னாடி இருக்கிறவன் சொன்னா, முன்னாடி இருக்கிறவன் கேட்கணும்.'

அப்புறம் நோட்டை மூடிவிட்டு, "அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்றேன்டா. கிடைச்சா பார்ப்போம்" என்றான்.

நீங்களும் ரெடியா?

* ரூட்: செங்கல்பட்டு, வல்லம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் முதல் நாள். சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, செய்யூர், மதுராந்தகம், செங்கல்பட்டு ரெண்டாவது நாள்.
* ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். பின் சீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.
* ஆலம்பரை, சதுரங்கப்பட்டினம் கோட்டைகளில் நிழல் குறைவு. தண்ணீர் எடுத்துக்கோங்க. மார்கழி, தை பெஸ்ட்.
* அர்ச்சுனன் தபசுப் பூனையை நீங்களே கண்டுபிடிங்க. குறைந்தது கால் மணி நேரம் உட்காரணும்.

இந்த சனிக்கிழமை யாருக்காவது பின்னாடி ஏறப் போறீங்களா? முள் ஏறும்போது வயித்துல ஏதோ பண்ணுதா? சொல்லிடுங்க. ஓட்டட்டும், சிரிக்கட்டும், பரவாயில்லை. பிரெஞ்சுல சொன்னாலும் சரி, தமிழ்ல சொன்னாலும் சரி.

முன்னாடி உட்காரப் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பி, "பயமா இருந்தா சொல்லுடா"ன்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. நான் நாற்பது தடவையும் கேட்காத கேள்வி அது.